அவன் சொல்லுற சூட்டை நம்பலாமோ?

கேக் கருகிப்போனால் நாங்கள் முதலில் பிடிக்கிறது கேக் அடிச்ச ஆளைத்தான். "சீனி கூடிப்போச்சு", "முட்டை வடிவா அடிபடேல்லை", "இடையில திறந்து பாத்திருப்பாய்" எண்டு ஆளுக்கொரு தீர்ப்பு. குசினி மூலையில் இருக்கிற அவனை ஒருத்தரும் விசாரிக்கிறேல்லை. (ஆம்பிளை அவன் இல்லை, கறண்டில வேலை செய்யிற அவன்.) அதின்ர முகத்தில் 180 எண்டு ஒரு இலக்கம் அச்சடிச்சிருக்கு. குமிழை அதுக்கு நேரே திருப்பிவிட்டால் உள்ளுக்கும் 180 பாகைதான் எண்டு நம்பிவிடுகிறோம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கு. அது எங்கட தீவுகளுக்குள்ளாலும் போகுது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் வீட்டிலிருந்து கேக் செய்து விக்கிற பெண்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு விசயமில்லை. பட்டரும் முட்டையும் கஜுவும் பட்டினத்திலிருந்து வரவேணும். நெடுந்தீவெண்டால் குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலக் கடல் தாண்டவேணும். ஒரு தட்டுக் கேக் நடுவில் வேகாமல் போனால் அந்தக் கிழமை உழைப்பு போச்சு. அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கிப் பாக்கிறம்: சூட்டை எங்கட ஆக்கள் எப்படி அளந்தவை?

தண்ணி காவல் நிண்ட குசினி

எங்கட பழைய சாப்பாட்டை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. சோறு, புட்டு, இடியப்பம், ஒடியற் கூழ், புழுக்கொடியலுக்கு அவிக்கிற பனங்கிழங்கு. எல்லாத்திலும் பொதுவாக இருக்கிறது தண்ணி. ஒண்டில் கொதி தண்ணி, இல்லாட்டி ஆவி.

தண்ணிக்கு ஒரு குணம் இருக்கு. கடல்மட்டத்தில் அது 100 பாகை செல்சியசில் கொதிக்கும். கொதிக்கத் தொடங்கின பிறகு நீங்கள் அடுப்பில் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் தண்ணியின்ர சூடு ஏறாது. மிச்சச் சூடு முழுக்க ஆவியாகிப் போகும். பானையில் தண்ணி இருக்குமட்டும் தண்ணியே காவல்காரன். புட்டுப் பானைக்குக் கீழே பனைமட்டை எரிஞ்சாலென்ன, சவுக்கு எரிஞ்சாலென்ன, மேலே குழலுக்குள் ஏறுற ஆவிக்கு அதே 100 பாகைதான். அதனாலதான் அம்மம்மாக்களுக்கு வெப்பமானி தேவைப்படேல்லை. அவை அளந்தது தண்ணியையும் நேரத்தையும்.

வறுக்கிற வேலையில் இந்தக் காவல் இல்லை. அரிசிமா வறுக்கேக்கையும் தூளுக்கு மல்லி, மிளகாய் வறுக்கேக்கையும் சூடு எங்கேயும் நிக்காமல் ஏறும். ஆனால் அங்கே தாச்சி திறந்திருக்கு. கண் நிறத்தைப் பாக்கும், மூக்கு மணத்தைப் பிடிக்கும், கை அகப்பையை நிப்பாட்டாது. தண்ணி இல்லாத இடத்தில் ஆள் காவல் நிண்டது.

தண்ணியும் இல்லை, கண்ணும் போகேலாது எண்டொரு பெட்டியை மூடி, அதுக்குள்ளே சாப்பாட்டை வைக்கிற பழக்கம் எங்கட குசினிக்குப் பிந்தித்தான் வந்தது. சூட்டை அளக்கவேணும் எண்ட பிரச்சினையும் அதோடதான் வந்தது.

போறணை வந்த வழி

சொல்லைப் பிடிச்சுப் போனால் வழி தெரியும். பாண் எண்ட சொல் போர்த்துக்கேயச் சொல். பாண் வேகிற போறணை, போர்த்துக்கேயரின் 'போர்னோ'. சிங்களத்திலும் அது 'போறணுவ' ஆகி நிக்குது. விசுக்கோத்தும் அவையின்ர 'பிஸ்கொய்த்து'தான். ரண்டுதரம் வெந்தது எண்டதுதான் அந்தச் சொல்லின்ர அடிப்படைப் பொருள். கப்பலில் மாதக்கணக்காகக் கெடாமல் கிடக்கவேணும் எண்டு ரண்டாந்தரம் காயவைச்ச பாண் அது. ஏன், குசினி எண்ட சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததுதான். அடுக்களை நாங்கள் முந்தியே வைச்சிருந்தது. குசினி வந்தது அவையோட.

1619 இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658 இல் அவையைக் கலைச்சுப்போட்டு ஒல்லாந்தர் வந்தினம். ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் இண்டைக்கும் நிக்கிற 'கயிற்ஸ்' எண்ட பேர், துறைமுகப் படியைக் குறிக்கிற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது எண்டு சொல்லுவினம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள்ளே நிக்கிற கோட்டைக்கு ஒல்லாந்தர் வைச்ச பேர் 'ஹமென்ஹீல்'. பன்றித் தொடை இறைச்சியின்ர குதிப்பக்கம் எண்டு அர்த்தம். இலங்கையின்ர படம் அவையின்ர கண்ணுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிஞ்சிருக்கு. கோட்டை இருக்கிற இடம் அதின்ர நுனி. எங்கட கடற்கோட்டைக்கு ஒரு குசினிச் சாமானின்ர பேர்.

தீவுகளுக்கும் தங்கட ஊர்களின்ர பேரைப் போட்டினம். நெடுந்தீவு டெல்வ்ற், நயினாதீவு ஹார்லெம், வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க். தூர தேசத்தில் இருந்த பேர்களை இஞ்ச கொண்டுவந்து ஒட்டினதுதான். நெடுந்தீவில் மட்டும் அது இண்டைக்கும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. தூரத்தில் அச்சடிச்சதை இஞ்ச ஒட்டுறது எண்ட இந்த விசயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைச்சிருங்கோ. அவனின்ர இலக்கத்துக்கு வரேக்க தேவைப்படும்.

பிறகு 1990களில் கடைப் பேர்கள் தமிழாக்கப்பட்ட காலத்தில் பேக்கரி 'வெதுப்பகம்' ஆனது. பலகை மாறினது. உள்ளுக்கு வேலை செய்த ஆக்கள் மட்டும் "போறணைக்குச் சூடு வந்திட்டுதோ" எண்டுதான் கேட்டினம்.

கையால் அளந்த சூடு

விறகுப் போறணை எப்படி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சால்தான் அதை அளக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு விளங்கும். தடிச்ச செங்கல் நிலம், வளைஞ்ச கூரை, முன்னால ஒரு வாய். உள்ளுக்கே விறகை அடுக்கி எரிப்பினம். கல் சூட்டைக் குடிச்சு முடிய தணலை இழுத்து வெளியால எடுத்து, ஈரச் சாக்கால நிலத்தைத் துடைச்சு, வாயை மூடிக் கொஞ்ச நேரம் விடுவினம். ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் இருந்த சூடு அந்த இடைவெளியில் சமப்படும். அதுக்குப் பிறகுதான் பாண் உள்ளே போகும்.

அதாவது பாண் வேகிற நேரத்தில் அங்கே நெருப்பே இல்லை. கல்லில் சேமிச்ச சூடு மட்டும். அது ஒவ்வொரு நிமிசமும் இறங்கிக்கொண்டிருக்கும். திருப்பிக் கூட்டக் குமிழ் இல்லை.

இதை அளக்க உலகமெங்கும் போறணைக்காரர் வைச்சிருந்த முறைகள் ஒரே மாதிரியானவை. ஒரு பிடி மாவை உள்ளே எறிஞ்சு பாக்கிறது. உடனே கறுத்தால் சூடு கூட, வெளுப்பாகவே கிடந்தால் காணாது, மெதுவாகப் பழுப்புக்கு வந்தால் பதம். கையை வாய்க்குள்ளே நீட்டி எத்தினை எண்ணுமட்டும் தாங்குது எண்டு எண்ணிப் பாக்கிறது. உள்கூரையில் படிஞ்ச கரி எரிஞ்சு கல் வெளிறுகிறதைப் பாக்கிறது. கடுதாசி ஒண்டைப் போட்டு நிறம் பாக்கிறது.

இறங்குற சூட்டை வீணாக்காமல் வேலையை அதுக்கேற்ற மாதிரி வரிசைப்படுத்தினதுதான் இதில் பெரிய கெட்டித்தனம். இண்டைய இலக்கத்தில் சொன்னால், 220 பாகைப் பக்கம் இருக்கேக்க பாண். கொஞ்சம் இறங்கப் பணிஸ். 160, 170க்கு வரேக்க கேக். கடைசியாக, சூடு ஆறிக்கொண்டு போகேக்க றஸ்க் காயும். வீட்டில் அவன் இல்லாத காலத்தில் இலங்கையின்ர பல ஊர்களிலும் நத்தார்க் கேக்கை வீட்டில் அடிச்சு, தட்டோட பேக்கரிக்குக் கொண்டுபோய் வேகவைச்சு எடுத்தது இந்தக் கணக்கில்தான். பாண் வேலை முடிஞ்ச பிறகு மிஞ்சின சூடு, ரவையும் கஜுவும் போட்ட கேக்குக்கு அளவெடுத்து வைச்ச மாதிரிப் பொருந்தும்.

இந்த அறிவு ஒரு ஏட்டிலும் எழுதப்படேல்லை. அது ஆளின்ர கையில் இருந்தது. ஒவ்வொரு போறணைக்கும் ஒரு குணம், அதை அறிஞ்ச ஒரு கை. அரசாங்கம்கூட பாணை நிறுத்துத்தான் பாக்கும். இறாத்தல் பாண் எண்டால் 450 கிராம் இருக்கவேணும் எண்டு தராசோட வரும். எந்தச் சூட்டில் வெந்தது எண்டு கேக்க ஒருத்தரும் வாறேல்லை.

இலக்கம் வந்த கதை

வெப்பத்துக்கு இலக்கம் போடுற வேலை வேற இடத்தில் நடந்தது. 1724 இல் பரனைற் தன்ர அளவுகோலை வெளியிட்டார். 1742 இல் சுவீடனின் செல்சியஸ் நூறு பிரிவுள்ள ஒண்டைச் செய்தார். அவர் முதலில் வைச்சது தலைகீழாக: கொதிக்கிறது 0, உறையிறது 100. பிறகுதான் அதைத் திருப்பிப் போட்டினம்.

இந்த வெப்பமானிகளை எரியிற சூளைக்குள்ளே விடேலாது. 1782 இல் இங்கிலாந்தின் மட்பாண்டக்காரர் ஜொசையா வெட்ஜ்வுட் ஒரு வழி கண்டார். சின்னக் களிமண் துண்டுகளைச் சூளைக்குள்ளே வைச்சு, அது எவ்வளவு சுருங்குது எண்டு அளந்து சூட்டைக் கணிக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அந்தச் சுருக்கத்தை அவர் பரனைற்றுக்கு மாத்தின கணக்கு பெரும் பிழை. வார்ப்பிரும்பு உருகுற சூட்டை உண்மையிலும் பல மடங்கு கூட்டிச் சொல்லிச்சுது. வெட்ஜ்வுட் கவனமில்லாத ஆளில்லை. அந்த உயரத்தில் ஒப்பிட்டுப் பாக்க அவருக்கு வேறொரு அளவுகோல் கிடைக்கேல்லை. அளக்கிற சாமானையும் இன்னொண்டால அளந்து பாக்கவேணும் எண்டது அண்டைக்கே தெரிஞ்ச பாடம்.

வீட்டுக் குசினிக்கு இலக்கம் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுக்கு முந்தி ஆங்கிலச் சமையல் புத்தகங்களும் 'மெதுவான சூடு', 'நடுத்தரச் சூடு', 'கடுஞ்சூடு' எண்டுதான் எழுதினவை. எங்கட 'பதமான சூடு' மாதிரித்தான். 1923 இல் பிரித்தானியாவில் 'ரெகுலோ' எண்ட சூடு கட்டுப்படுத்துற கருவியோட 'நியூ வேர்ல்ட்' எண்ட காஸ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து வந்ததுதான் 'காஸ் மார்க்' எண்ட கணக்கு. ஆறு வருசம் கழிச்சு, 1929 இல் கொழும்பில் ஹில்டா டியுட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் புத்தகம் வெளிவந்தது. பிறகு தலைமுறை தலைமுறையாக இலங்கை வீடுகளில் கேக் அடிக்கிறவையின்ர கையில் இருந்த புத்தகம் அது.

இண்டைக்கு எங்கட குசினிகளில் மூண்டு அளவும் கலந்து கிடக்கு. கனடாச் சித்தி வாட்ஸ்அப்பில் "350இல் வை" எண்டுவா, அது பரனைற். லண்டன் மாமி "காஸ் மார்க் 4" எண்டுவா. இஞ்ச இருக்கிற அவனில் குமிழ் 250 பாகை செல்சியசோட முடியும். சித்தியும் மாமியும் சொல்லுறது ஒரே சூட்டைத்தான்: ஏறத்தாழ 177 பாகை செல்சியஸ். அந்தச் சூடு உள்ளுக்கு உண்மையாக வருதோ எண்டது வேற கேள்வி.

கறண்ட் இல்லாத வருசங்கள்

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கினதோட யாழ்ப்பாணத்துக்கு வந்த மின்சாரம் நிண்டுபோச்சு. பொருளாதாரத் தடையில் பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றி, மெழுகுதிரி எல்லாம் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படிச்ச தலைமுறையின்ர பிள்ளைகள் நாங்கள். அதே வருசமும் அடுத்த வருசமும் நடந்த இராணுவ நடவடிக்கைகளில் தீவக மக்களில் பெரும்பகுதி வீடு வாசலை விட்டுக் குடாநாட்டுக்கு ஓடினவை. குசினியோட போறணையும் பாழானது.

கறண்ட் இல்லாத அந்த வருசங்களில் மின் அவன் வெறும் இரும்புப் பெட்டி. போறணை கறண்ட் கேக்கேல்லை. மாவும் விறகும் கிடைச்ச நாளில் அது எரிஞ்சுது. வீடுகளில் பழைய முறை திரும்பி வந்தது. பெரிய சட்டியில் மணலைப் போட்டு, அதுக்குள்ளே கேக் தட்டை வைச்சு, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல். கீழே நெருப்பு, மேலே தணல். எத்தினை சிரட்டை, எவ்வளவு நேரம் எண்டதுதான் அங்கே வெப்பமானி. மணலின்ர வேலை சூட்டை ஒரே மாதிரிப் பரப்புறது. போறணையின்ர கல் செய்ததை ஒரு சட்டி மணல் செய்தது.

இந்த வரலாறு ஒரு விசயத்தைக் காட்டுது. கருவி செத்துப்போன நேரத்தில் காப்பாத்தினது கையறிவு. ஆனால் இடப்பெயர்வில் முதலில் சிதறினதும் அதே கையறிவுதான். கல் இருக்கிற இடத்தில் கை இல்லை, கை போன இடத்தில் கல் இல்லை.

போர் முடிஞ்ச பிறகு மின்கட்டம் திரும்பக் குடாநாட்டுக்கு வந்தது. கடல் சூழ்ந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூண்டும் டீசல் ஜெனறேற்றரை நம்பியிருந்த இடங்கள். காற்று, சூரிய ஒளி, டீசல் கலந்த மின்திட்டத்தை இந்த மூண்டு தீவுக்கும் கொண்டுவர 2022 மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன. கறண்ட் பெருகப் பெருக, வீடுகளில் மேசையில் வைக்கிற சின்ன அவன்களும் பெருகும்.

180 எண்டால் 180தானோ?

சின்ன அவனுக்குள்ளே இருக்கிற கட்டுப்பாடு எளிமையானது. ரண்டு வெவ்வேறு உலோகத்தை ஒட்டின தகடு ஒண்டு சூட்டில் வளைஞ்சு கறண்டை வெட்டும், இல்லாட்டி குழாய்க்குள் அடைச்ச திரவம் விரிஞ்சு வெட்டும். ஆறினால் திரும்பச் சேர்க்கும். அதனால் உள்சூடு ஒருபோதும் ஒரு கோட்டில் நிக்காது. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உணர்ற பகுதி பெரும்பாலும் சுவரோரம், கேக் இருக்கிறது நடுவில். குமிழில் உள்ள இலக்கமோ தொழிற்சாலையில் அச்சடிச்சு ஒட்டினது. 10, 20 பாகை விலகல் புதினமில்லை. பழசாகப் பழசாக அது கூடவும் செய்யும்.

வோல்டேஜும் ஒரு பிரச்சினை. மின்கம்பி தாற சூடு வோல்டேஜின்ர வர்க்கத்தோட போகுது. 230 வோல்ற்றில் 1,500 வாற் தாற அவன், 200 வோல்ற்றுக்கு இறங்கினால் ஏறத்தாழ 1,130 வாற்தான் தரும். வோல்டேஜ் குறைஞ்சது எட்டில் ஒரு பங்கு, சூடு குறைஞ்சது கால் பங்கு. புத்தகம் "10 நிமிசம் முன்சூடாக்கு" எண்டு சொன்னால் பின்னேர வோல்டேஜுக்கு அது காணாது.

இதுக்கு மருந்து, அவனுக்குள்ளே வைக்கிற முள்ளு வெப்பமானி ஒண்டு. கறண்டும் வேண்டாம், பற்றியும் வேண்டாம். பாவிக்கிற முறை இதுதான்:

நடுத் தட்டில், நடுவில், கண்ணாடிக்கூடாகத் தெரியிற மாதிரி வையுங்கோ. குமிழை 180இல் விட்டு அரை மணித்தியாலம் பொறுங்கோ. கதவைத் திறக்காமல் 5 நிமிசத்துக்கு ஒருக்கா வாசிச்சு, ஆறேழு தரம் எழுதுங்கோ. ஒரு வாசிப்பை நம்பாதேங்கோ. அது ஏற்றத்திலோ இறக்கத்திலோ பிடிபட்டதாக இருக்கலாம். எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சு வாற சராசரிதான் உங்கட அவனின்ர உண்மையான 180. இதையே 150இலும் 200இலும் செய்து பாருங்கோ, ஏனெண்டால் விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்காது. பகலில் ஒருக்கா, எல்லாரும் லைற் போடுற பின்னேரத்தில் ஒருக்கா பாத்தால் இன்னும் நல்லம்.

வெப்பமானி சரியோ எண்டு என்னெண்டு தெரியும்? அதுக்கு எங்கட பழைய காவல்காரனைக் கூப்பிடலாம். 100 பாகை காட்டக்கூடிய, ஆவி பட்டாலும் பழுதாகாத வகையெண்டால், நல்லாக் கொதிக்கிற தண்ணியின்ர ஆவியில் பிடிச்சுப் பாருங்கோ. நுவரெலியாவில் தண்ணி 94 பாகைப் பக்கமே கொதிச்சிடும். அங்கே உள்ளவை உயரக் கணக்குப் பாக்கவேணும். தீவகம் கடல்மட்டத்தில் கிடக்கிறதால் எங்களுக்கு அந்தத் தலையிடி இல்லை. எங்கட புட்டுப் பானை 100 பாகைக்குச் சாட்சி.

வெப்பமானியே கிடைக்காட்டி ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சீனி காணும். சீனி 186 பாகையளவில் உருகும். அலுமினியத் தாளில் சீனியைப் பரப்பி 175இல் கால் மணித்தியாலம் வையுங்கோ; உருகக்கூடாது. புதுச் சீனியை 190இல் அதேயளவு நேரம் வையுங்கோ, உருகவேணும். முதலாவதில் உருகினால் அவன் கூடச் சுடுது. ரண்டாவதில் உருகாட்டி குறையச் சுடுது. பிடி மாவை எறிஞ்சு பாத்த போறணைக்காரரின்ர அதே முறைதான் இது.

இனி

வெப்பமானி வந்ததால் கையறிவு தேவையில்லை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. எங்களுக்கு அதில் இன்னொரு பிரயோசனம் தெரியுது. போறணைக்காரருக்குத் தன்ர போறணையின்ர குணம் தெரிஞ்சிருந்தது. அவனை வாங்கின எங்களுக்கு அதின்ர குணம் தெரியாது. அச்சடிச்ச இலக்கம் மட்டும் தெரியும். ஒரு பின்னேரம் செலவழிச்சு அதை அளந்து பாத்தால், அந்தப் பழைய உறவில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கேக் கருகினதுக்கு வீட்டுப் பெண்ணைத் திட்டுறதுக்கு முதல் விசாரிக்கிறதுக்கு ஒரு சாட்சியும் கிடைக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கு. விறகுப் போறணை எரிக்கத் தெரிஞ்ச ஐயாமார் இன்னும் எங்கட ஊர்களில் இருக்கினம். மாவின்ர நிறத்தைப் பாத்து "இப்ப சரி" எண்டு அவை சொல்லுற அந்தக் கணத்தில், பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைச்சு இலக்கத்தைக் குறிச்சு வைக்கலாம். அவையைப் பரீட்சிக்கிறதுக்கில்லை, அவையின்ர கைக்குத் தெரிஞ்சதைக் கடுதாசியில் ஏத்துறதுக்கு. எத்தினை எண்ணுமட்டும் கை தாங்கினது, மாவு என்ன நிறம், முள்ளு எங்கே நிண்டது, அந்தச் சூட்டில் என்ன வேகும். நாலு வரிதான். இவ்வளவு காலமும் ஒருத்தரும் எழுதாத நாலு வரி.

வீட்டு அவனுக்கு இன்னும் லேசு. ஒரு துண்டுக் கடுதாசியில் "180க்கு 195இல் வை" எண்டோ, உங்கட கணக்கில் வாறது என்னவோ அதை எழுதி, திகதியும் போட்டு, குமிழுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கோ. ஆறு மாதம் கழிச்சுத் திரும்ப அளந்து பாருங்கோ.